உளச்சோர்வை அளக்கும் வினாநிரல்களும் தமிழ் விடை மரபும்: போடிமலைச் சரிவை முன்வைத்து ஒரு வரலாற்று ஒப்பாய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், கொட்டகுடியாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் போடிநாயக்கனூர். முன்னர் மதுரை மாவட்டத்தினுள் அடங்கியிருந்து, 1996-ஆம் ஆண்டில் பிரிந்த தேனி மாவட்டத்தின்பாற் பட்டது. ஊருக்கு மேற்கே போடிமெட்டு வழியாக ஏறிச் செல்வார்க்கு ஏலமலைத் தோட்டங்கள் எதிர்ப்படும். 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தமையால், மலையின் விளைவு ஒரு மாநிலத்திற்கும், காய் எடுக்கும் கைகளுட் பெரும்பகுதி மற்றொரு மாநிலத்திற்கும் உரியவாயின. வைகறையில் அடிவார ஊர்களினின்றும் ஜீப்புகளில் ஏறிச்சென்று, பொழுது சாய மீளும் பெண்டிரை இன்றும் காணலாம். மலைமேல் லயன் வீடுகளிலேயே தங்கிப் பணிபுரிவாரும் பலர்.

காய் விலைபோகுமுன் சல்லடையில் இடப்பெறும். 'அக்மார்க்' தரவரிசையில் 'ஆலப்புழைப் பச்சை' என்னும் வகையின் முதற்றரக் காய் 7 மில்லிமீட்டர்க் கண்ணுடைய சல்லடையில் நிற்றல் வேண்டும், அடுத்த தரத்திற்கு 6, அதற்கடுத்ததற்கு 5. ஆயினும், சல்லடையில் நின்றவற்றையெல்லாம் வணிகர் அவ்வாறே ஏற்பதில்லை. பெண்கள் வரிசையாக அமர்ந்து, வெடித்த காயையும், பூச்சி அரித்த காயையும், நிறம் மங்கிய காயையும் கையாற் பொறுக்கி நீக்குவர். சல்லடை பருமனை அறியும், அகத்தை அறியாது. இவ்வெளிய உண்மையை உளங்கொண்டு, மாந்தர் மனத்துயரை எண்ணால் அளக்கப் பிறந்த வினாநிரல்களின் வரலாற்றை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவர் துறையன்றோ, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். வினாவும் விடையும் மொழியின்பாற் பட்டவை. அவற்றின் இலக்கணத்தைப் பவணந்தியார் வகுத்துள்ளார். ஆதலின் எமக்கும் இதில் ஓரளவு உரிமை உண்டு என்று கருதுகின்றோம்.

வினாநிரல்கள் யாவும் ஒரே தேவையிற் பிறந்தனவல்ல. 1950-களின் பிற்பகுதியில் உளச்சோர்வுக்கு மருந்துகள் தோன்றின. மருந்து கொடுக்குமுன் நோய் எவ்வளவு, கொடுத்தபின் எவ்வளவு என்று காட்ட ஓர் அளவு வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் லீட்சு நகரின் மாக்சு ஹாமில்டன் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல் இத்தேவைக்கு விடையாயிற்று. அதன் 17 கூறுகளை மருத்துவரே நோயாளரிடம் பேசி மதிப்பிடுவர். மொத்த எண் 52. உளச்சோர்வுடையார் என முன்னரே துணியப்பட்டவர்தம் நோயின் கடுமையை அறிதற்கே ஹாமில்டன் இதனை ஆக்கினார். நோய் உண்டோ இன்றோ எனக் கண்டறிதற்கன்று. பின்வந்தோர் பலர் இவ்வேறுபாட்டை மறந்தனர்.

அடுத்த ஆண்டிலேயே, 1961-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் 21 கூறுகள் கொண்ட நிரலை அமைத்தார். ஹாமில்டன் உடலை மிகுதியும் நோக்கினார். உறக்கம் ஒன்றற்கே மூன்று கூறுகள் அளித்தார். பெக்கோ எண்ணத்தை மிகுதியும் நோக்கினார். குற்றவுணர்வு, தன்னை வெறுத்தல், தண்டிக்கப்படுகின்றோம் என்னும் நினைவு ஆகியன அவர் நிரலில் முதன்மை பெற்றன. எனவே, ஒருவரே இவ்விரண்டிலும் அளக்கப்பெறின், நெஞ்சிற் குற்றவுணர்வின்றி உறக்கமும் உணவும் இழந்தவர் முன்னதில் உயர்ந்த எண்ணும் பின்னதிற் குறைந்த எண்ணும் பெறுதல் இயல்பு. பெக் நிரல் தானே படித்துக் குறிக்கும் நிரல் என்று இன்று அறியப்படினும், தொடக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் அதனை உரக்கப் படித்துக் காட்டியே விடை பெற்றார். எழுத்தறிவு குன்றிய இடங்களில் இவ்வினாநிரல்களைப் பயன்படுத்துவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் தகும்.

1965-இல் சுங் என்பார் 20 கூறுகள் கொண்ட நிரலொன்றை ஆக்கி, பத்தை உடன்பாட்டிலும் பத்தை எதிர்மறையிலும் அமைத்தார். 1972-இல் டேவிட் கோல்டுபெர்க் இலண்டனில் பொதுநல வினாநிரலை வெளியிட்டார். 60 வினாக்களாயிருந்த அது பின்னர் 12 வரை சுருங்கிற்று. 1977-இல் ராட்லாப் அம்மையார் மருத்துவமனை நோயாளரை விடுத்து, பொதுமக்கள் நடுவே கணக்கெடுத்தற்பொருட்டு 20 கூறுகளை வகுத்தார். 1987-இல் எடின்பரோ நிரல் மகப்பேற்றுக்குப் பிற்பட்ட தாய்மார்க்கென 10 கூறுகளுடன் தோன்றிற்று. ஈன்றவள் உறங்காமையும் களைத்தலும் இயல்பாகலின், உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கியமை அதன் தனிச்சிறப்பு.

2001-ஆம் ஆண்டில் வெளிப்போந்த நோயாளர் நல வினாநிரலே இன்று உலகில் மிகப் பரவியுள்ளது. குரோங்கே, ஸ்பிட்சர், வில்லியம்சு ஆகிய மூவர் இதனை நிறுவினர். ஸ்பிட்சரே 1980-இல் வெளிவந்த அமெரிக்க உளநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பை முன்னின்று ஆக்கியவர். அக்கையேட்டு மரபில் உளச்சோர்வுக்கு ஒன்பது குறிகள் சொல்லப்பெற்றன. இந்நிரலில் வினாக்களும் ஒன்பது. ஒவ்வொன்றற்கும் 0 முதல் 3 வரை எண், மொத்தம் 27, பத்தும் அதற்கு மேலும் பெறுவார் மேலாய்வுக்குரியர். மருந்து நிறுவனமொன்றன் பொருளுதவியால் உருவான இது பின்னர் யாவர்க்கும் விலையின்றிக் கிடைத்தது. இதன் பரவலுக்கு அறிவியற் காரணங்களோடு இவ்வெளிய காரணமும் உண்டு என்பதை மறைத்தல் வேண்டா.

இவையெல்லாம் 'உளச்சோர்வு' என்னும் ஒரு பெயராலேயே வழங்குகின்றன. ஆயின், ஒரு பொருளைத்தான் அளக்கின்றனவா? 2017-ஆம் ஆண்டில் ஐக்கோ பிரீடு என்னும் ஆய்வாளர் ஏழு நிரல்களை அடுக்கிவைத்து எண்ணினார். அவை கேட்கும் குறிகள் மொத்தம் 52 வகையின. அவற்றுள் நூற்றுக்கு 40 ஏதேனும் ஒரு நிரலில் மட்டுமே உள்ளன. ஏழிலும் காணப்படுவன நூற்றுக்கு 12 மட்டுமே. ஒரே நூலுக்கு ஏழு சுவடிகள் கிடைத்து, அவற்றிற் பாதிக்கு மேற்பட்ட பாடல்கள் தம்முள் ஒவ்வாவிடின், அவற்றை ஒரு நூலின் படிகள் என ஏற்கப் பதிப்பாசிரியர் எவரும் தயங்குவர்.

நம் நாட்டில் இவ்வொப்பீட்டை நேரே செய்து பார்த்த முயற்சி கோவாவில் நிகழ்ந்தது. விக்ரம் பட்டேலும் உடனாய்வாளரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஐந்து நிரல்களைத் தொடக்கநிலை மருத்துவ நிலையங்களுக்கு வந்தாரிடை வைத்துச் சோதித்தது. சோதிக்கப்பட்டார் 598 பேர். கட்டமைந்த நேர்காணலை உரைகல்லாகக் கொண்டு நோக்கியபோது, ஐந்தும் ஓரளவு முதல் நன்கு வரை பிரித்தறிந்தன. கோல்டுபெர்க்கின் 12 வினாக்களும், உலக நல நிறுவனத்தின் 20 வினா நிரலும் சிறந்து நின்றன. எனினும், எமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொரு முடிவு. மிகப் பொருத்தமான வரம்பெண்ணை வைத்தபோதும், நிரல் 'நோயுடையார்' எனச் சுட்டிய நூற்றுவருள் நேர்காணலில் அவ்வாறே தேறியவர் 51 முதல் 77 பேர் வரையே. முதல் எண்ணை நோக்குக: சுட்டப்பட்டாரிற் பாதிப்பேர் அந்நோயினர் அல்லர். சல்லடைக்குப் பின்னும் கை வேண்டும் என மேலே கூறியது இதனாலேயே. சல்லடையை மட்டும் வைத்து ஊரின் துயரைக் கணக்கிடுவார், பொறுக்காத காயை எடைக்கு இடுவாரை ஒப்பர்.

தமிழகத்து எண்களையும் ஈண்டு நோக்குவோம். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 2002-இல் வெளியான ஆய்வு, மகப்பேற்றுக்குப் பின் புதிதாக உளச்சோர்வுற்ற தாய்மார் நூற்றுக்கு 11 என்றது, நேர்காணல் முறை. அவ்வட்டாரத்து முதியோரிடையே 2009-இல் நூற்றுக்கு 12.7 என்றனர், அதுவும் நேர்காணல் முறையே, ஆயின் வேறொரு நேர்காணல். சென்னையில் 25,455 பேரை வினவிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு 15.1 என்றது, ஒன்பது வினாக்களைப் பன்னிரண்டாக மாற்றி அமைத்த நிரல் அங்குக் கருவி. போருக்குப் பின் யாழ்ப்பாண மாவட்டத்திற் செய்து 2011-இல் வெளிவந்த ஆய்வு 22.2 என்றது, கருவி 25 கூறுகளையுடைய பிறிதொரு நிரல். இந்நான்கனையும் ஒரு வரிசையில் நிறுத்தி, சென்னை கணியம்பாடியினும் துயருடைத்து, யாழ்ப்பாணம் சென்னையினும் துயருடைத்து என மேடையிற் கூறுவாரை யாம் கேட்டிருக்கின்றோம். போரின் கொடுமையை மறுப்பார் இலர். ஆயினும், மரக்காலால் அளந்ததையும் படியால் அளந்ததையும் அளவின் பெயர் கூறாது ஒப்பிடல் ஆய்வு நெறியன்று.

இனி மொழிக்கு வருவோம். இதுவே எம் கருத்தின் நடுவிடம்.

மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடு சொல்லளவிலேயே தொடங்கிவிடுகின்றது. நாளிதழ்கள் 'மன அழுத்தம்' என்கின்றன. அது நெருக்கடியையும் குறிக்கின்றது, இந்நோயையும் குறிக்கின்றது. அடிவாரத்து ஊர்களில் 'அழுத்தம்' என்றால் இரத்த அழுத்தமே முதலில் நினைவுக்கு வரும். 'மனச்சோர்வு' என்று கூறின், சோர்வு என்பது நாள் முழுதும் சரிவில் நின்று காய் எடுத்த உடலின் களைப்பாகக் கொள்ளப்படும். மக்கள் தாம் சொல்வது 'மனசு சரியில்லை', 'ஒரே யோசனையா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது', 'சோறு இறங்கல' என்பனவே. ஆங்கில நிரல்களும் தம் மண்ணின் வழக்கிலேயே பேசுகின்றன. ராட்லாப் நிரலில் ஒரு கூறு, நீலநிறத்தின் பெயரால் துயரைச் சுட்டும் வழக்குத்தொடர் உடையது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், நீலங்களை உதற இயலவில்லை எனத் தமிழில் நகைக்கிடமாய் முடியும். எடின்பரோ நிரலின் ஆறாம் கூறோ, காரியங்கள் என் தலைமேல் ஏறுகின்றன என்னும் போக்கினது. நல்லூழாக, இதற்குத் 'தலைக்கு மேல வேலை' என ஒரு தொடர் நம்மிடமும் உண்டு. தீயூழாக, அது துயரைக் குறிப்பதன்று, சிலவேளை பெருமையையும் குறிக்கும்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் இத்துறையில் ஆற்றிய பணி போற்றற்குரியது. கோல்டுபெர்க்கின் 12 வினாக்களின் தமிழ் வடிவத்தை 1999-இலும், எடின்பரோ நிரலின் தமிழ் வடிவத்தை 2005-இலும் அவர்கள் நேர்காணலோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். பின்னதற்கு ஆங்கில மூலத்தில் வழங்கும் வரம்பு 12-க்கும் 13-க்கும் இடைப்பட்டது. தமிழில் 8-க்கும் 9-க்கும் இடைப்பட்டதே பொருந்துவதாகக் கண்டனர். நான்கு எண் குறைவு. தமிழ்த் தாய்மார் துயரிற் குறைந்தவர் என்பது இதன் பொருளன்று. ஒரே துயரைத் தமிழ் வினாக்களுக்கு விடையாகக் குறைத்துச் சொல்கின்றனர் என்பதே பொருள். ஆங்கில வரம்பை அப்படியே கொண்டிருப்பின், உதவி பெறவேண்டிய தாயர் பலர் சல்லடைக் கண்வழி வீழ்ந்திருப்பர்.

ஏன் குறைத்துச் சொல்கின்றனர்? நாணமும், கேட்பவர் யாரென்னும் அச்சமும் காரணங்களாம். அவற்றோடு விடையின் இலக்கணத்தையும் நோக்குதல் வேண்டும். நன்னூலார் விடையை எட்டென வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பாற் பயப்பன. மேற்கூறிய நிரல்களோ மறைக்கும் நேருக்கும் மட்டுமே கட்டம் வைத்துள்ளன. எஞ்சியவை கட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. துயருற்றார் பேச்சோ அவ்வைந்திலேயே மிகுதியும் இயங்குகின்றது.

யாம் போடிநாயக்கனூரில், காய் பொறுக்கும் பணியினின்றும் ஓய்ந்த மூதாட்டி ஒருவரோடு உரையாடுங்கால், ஆய்வாக அன்றி அறியும் வேட்கையால், ஒன்பது வினாக்களுள் முதலதனைத் தமிழிற் கேட்டோம்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? அவர் சற்றே எம்மை நோக்கி, "வேலைக்குப் போன நாளைக் கேக்குறீகளா அய்யா, போகாத நாளைக் கேக்குறீகளா?" என்றார். இது வினாவெதிர் வினாதல். உறக்கம் வருகின்றதா என்றோம். "காலு ரெண்டும் கடுக்குது" என்றார், உற்றதுரைத்தல். பசி எப்படி என்றதற்கு, "மகன் வந்தா நல்லது ஆக்கணும்" என்றார். மகன் நெடுநாள் வரவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. இதனை எவ்விடையுள் அடக்குவது என யாம் இன்னும் தெளிந்தோமில்லை. மூன்று விடையும் எமக்கு நன்கு விளங்கின. தாளில் இடுதற்குரிய எண் ஒன்றேனும் கிட்டவில்லை.

எதிர்மறை வினாவின் சிக்கல் தனித்து எண்ணத்தக்கது. 'எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா?' என்னும் வினாவுக்கு 'இல்லை' என்று விடை வந்தால், 'அவ்வாறு இருக்கவில்லை' எனவும் கொள்ளலாம். 'ஆம், நாட்டம் இல்லை' எனவும் கொள்ளலாம். பேச்சுத் தமிழில் இரண்டும் வழக்கே. குரலின் ஏற்ற இறக்கத்தால் கேட்பவர் உணர்வர், எண்ணோ உணராது. முதற்பொருளில் 0 என்றும் இரண்டாவதில் 3 என்றும் குறிக்கப்பெறக்கூடும். பத்துக் கூறுகளை எதிர்மறையாக அமைத்த சுங் நிரலைத் தமிழாக்குவோர் இதனை முன்னரே தீர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கோல்டுபெர்க் நிரலில் வேறொரு தடை. அதன் விடைகள் 'வழக்கத்தைவிட' என்னும் ஒப்பீட்டில் அமைந்தன. புதிதாகத் துயருற்றவர் 'வழக்கத்தைவிட மிகுதி' என்பர். பல்லாண்டுத் துயரில் ஊறியவரோ 'வழக்கம்போல' என்பர். அவர்க்குக் கிடைக்கும் எண் சுழி. நெடுந்துயரை இந்நிரல் தவறவிடும் என்பதனை மேலைநாட்டு ஆய்வாளரே 1985-இல் எடுத்துக்காட்டினர். லயன் வீட்டில் கணவனை இழந்து இருபதாண்டு கழித்த ஒருத்தி 'எப்பவும்போலத்தான்' என்று சொல்லுங்கால், அவ்வொரு சொல்லில் எவ்வளவு அடங்கியுள்ளது என்பதைத் தமிழறிந்தார் அறிவர்.

உடற்குறிகளின் இடர் மலைக்கே உரியது. ஹாமில்டன் அளவுகோலில், விடியுமுன் விழித்துப் பின் உறங்காமை நோயின் குறிகளுள் ஒன்று. ஜீப்பு ஏறுவோர் யாவரும் விடியுமுன் விழிப்பவரே. களைப்பும் எடைகுறைவும் அவ்வாறே. ஏறத்தாழ ஆடி தொடங்கித் தை, மாசி வரை காய் எடுப்பு நிகழும். அதன்பின் வேலை குறையும். நிரல்களோ ஒரு வாரத்தையோ இரு வாரத்தையோ கேட்பன. ஐப்பசியிற் கேட்ட இரு வாரமும் பங்குனியிற் கேட்ட இரு வாரமும் ஒன்றாகா. ஏலத்தோட்டங்களில் தெளிக்கப்பெறும் பூச்சிக்கொல்லிகளுள் சில, உடலிற் புகின் உறக்கமின்மையும் தளர்ச்சியும் பயக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், இவற்றைக் காரணங்காட்டி உடல்வினாக்களை அறவே நீக்கினால், 'நெஞ்சை அடைக்குது' என்று உடலாலேயே துயரைச் சொல்லும் மக்களின் வாயை அடைத்தவராவோம். இவ்விரண்டு பிழைகளுள் பின்னதே பெரிது என்பது எம் கருத்து.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்து நினைவிற்கு வருதல் இயல்பு. அழுகை பிறக்கும் நிலைக்களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கனை அந்நூல் கூறும். பிற மெய்ப்பாடுகளுள் மடிமை, உயிர்ப்பு, அரற்றல், துஞ்சல், கையாறு என்பனவும் எண்ணப்பெறும். இவற்றை ஒன்பது வினாக்களோடு இணைத்து, உளநோய்க் கையேட்டைத் தொல்காப்பியர் முன்னரே கண்டார் என எழுதும் ஆர்வலர் உளர். அது மிகை. செய்யுளில் உணர்வு புலப்படுமாற்றை உரைக்க எழுந்தது அவ்வியல், நோயாளரை எண்ணுதற்கன்று. ஆயின், ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மெய்ப்பாட்டியல் அழுகையைக் கூறுமிடத்து அதன் களத்தையும் உடன் கூறுகின்றது. இழவும் வறுமையும் அழுகையினின்றும் பிரிக்கப்படவில்லை. ஒன்பது வினாக்களில் வறுமைக்கு இடமில்லை, இழவுக்கும் இடமில்லை. எதனால் என்று அவை கேட்பதில்லை. கேளாமையே அறிவியலின் நடுவுநிலை என்பர் அவற்றை ஆக்கியோர். அந்நடுவுநிலையால் ஒரு நன்மையும் உண்டு: துயர்க்குத் தக்க காரணம் உளது எனக் கூறி, நோயைக் காணாதுவிடும் பிழை நேராது.

மக்கள் பேச்சினின்றே நிரல் ஆக்குதல் இயலுமா? இயலும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாடு சான்று. அங்குச் சோனா மொழி பேசுவார் தம் துயரை 'மிகுதியாக எண்ணுதல்' எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவர். விக்ரம் பட்டேலும் உடனிருந்தாரும் அம்மக்கள் சொற்களையே தொகுத்து 14 வினாக்களாக்கி 1997-இல் வெளியிட்டனர். அச்சோனாச் சொல்லுக்கு நேரான 'ஒரே யோசனையா இருக்கு' என்னும் தொடர் போடியிலும் ஒலிக்கின்றது. தமிழ்த்துறை மாணவர் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும்பொழுது, வேளாண்மைச் சொல், மீன்பிடிச் சொல் என்பனவற்றோடு துயர்ச்சொற்களையும் திரட்டுவாராயின், மருத்துவர்க்கு அது முதற்பொருளாகும். ஏலமலையில் இப்பணி இன்னும் ஒரு படி கடினம். லயன் வீட்டுத் தமிழ்ப் பெண்ணை வினவ வருவாரின் தாய்மொழி மலையாளமாக இருத்தலும் கூடும். இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் உள்ளமையால் இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததாகவே எண்ணிப் பிரிவர்.

அதுவரை, வழங்கும் நிரல்களையே ஆள்வோர்க்கு ஒன்று கூறுவோம். வினாவின் வலப்புறத்தே எண்ணுக்கு விடும் கட்டத்தை அடுத்து, விடையைச் சொன்னவாறே எழுத ஒரு வரி விடுக. எண் 0 என்று இருப்பினும், அருகே 'மகன் வந்தா நல்லது ஆக்கணும்' என்னும் தொடர் இருக்குமாயின், அத்தாளைப் பின்னர்ப் புரட்டும் மருத்துவர் அவ்விடத்திற் சற்றே நிற்பர். நின்று, அம்மூதாட்டியை மீண்டும் அழைப்பிக்கவும் கூடும்.